நடுவரை அடி

மன்னிப்புக் கடிதத்தைக் கடைசி வரிவரை படித்துவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள். மேசைக்கு எதிரே இருந்த கால்பந்துச் சங்கச் செயலாளர், தொல்லை விட்டது என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது வரியில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத் தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"மன்னிப்புக்கு மூணு சுழி 'ண' போட்டிருக்கீங்க. எழுத்தைத் திருத்திட்டேன் சார். மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டேன்."

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் மேற்குப் படிக்கட்டில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு நிற்பாள். அவள் குரல் எடுத்தால் இருநூறு பேர் பின்பாட்டுப் பாடுவார்கள். போன வாரம் பாடியது, "நடுவரை அடி! நடுவரை அடி!"

யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் நடுவரைத் தாக்கத் தூண்டியதாகப் புகார் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத் தடையோடு அவள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடிதத்தையே சாட்சியாகக் காட்டி, அவர்கள் நின்று பாடும் மேற்குப் படிக்கட்டை இடித்து, காசுள்ளவர்களுக்கு மெத்தை நாற்காலி போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் அவள் இனி மைதானத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. விசாரணைக்கு வந்திருந்த இரண்டு உறுப்பினர்களும் அவள் பிடிவாதத்தைப் பார்த்து நெளிந்தார்கள்.

மேசையின் கோடியில் அந்த நடுவரும் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக விசில் ஊதுகிற மனிதர். அடுத்த மாத இறுதி ஆட்டமும் அவருக்குத்தான் என்று பேச்சு.

"அது உங்களைச் சொன்னதே இல்லீங்க" என்று அவரிடம் நேராகவே சொன்னாள். பிறகு செயலாளரிடம் திரும்பினாள். தங்கள் அணியின் கோல்கீப்பருக்கு முட்டி போய்விட்டது, அவன் உதைக்கிற பந்து பாதி மைதானத்தைக்கூடத் தொடுவதில்லை, நடுக்கோடு வரைக்குமாவது அடித்துத் தொலை என்று அவனுக்குச் சொன்னதுதான் அந்தக் கோஷம் என்று விளக்கினாள். அந்தக் கோல்கீப்பர் தன் புருஷன்தான் என்பதையும் மறைக்கவில்லை.

"நடு, வரை, அடி. மூணு சொல்லு. 'வரைக்கும்'னு இழுத்தா தாளம் இடிக்கும். அதான் 'வரை'."

செயலாளர் புகாரைத் தட்டிக் காட்டினார். அதில் 'நடுவரை' என்று ஒரே சொல்லாக இருந்தது.

"நாங்க எழுதலையே சார், கத்தினோம். சேர்த்து எழுதினது நீங்க."

சேர்த்தாலும் பிரித்தாலும் காதுக்கு ஒன்றுதானே என்று அவர் மடக்கினார். அவளும் விடவில்லை. இருநூறு பேரைச் சண்டைக்குக் கூப்பிடுகிறவள் 'அடிங்க' என்றுதானே கூப்பிடுவாள், 'அடி' என்றால் ஒரே ஓர் ஆளுக்குச் சொல்வதாயிற்றே, அந்த ஆள் வலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தானே என்று கேட்டாள். உறுப்பினர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் கைப்பேசியில் இருந்த பதிவை முழுச் சத்தத்தில் ஓடவிட்டாள். அறை அதிர்ந்தது. 'நடு' என்றதும் டின்னில் ஒரு தட்டு, 'வரை' என்றதும் இன்னொரு தட்டு. உறுப்பினர்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் மட்டும் போனைப் பார்க்கவில்லை. மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தட்டுதான் சார் எங்க இடைவெளி. இதுக்கு மேல இலக்கணம் எனக்குத் தெரியாது. தடை போடுறதுன்னா போடுங்க, வெளிச்சுவர்ல ஏறி நின்னு கத்துவேன்."

செயலாளரின் முகம் கறுத்தது. இலக்கணப் பாடம் நடத்த இது பள்ளிக்கூடம் இல்லை, பாதிக்கப்பட்டவர் என்ன கேட்டார் என்பதுதான் முக்கியம் என்றார். புகாரை எடுத்து உரக்கப் படித்தார். என்னை அடிக்கச் சொல்லி அந்தப் பெண் கூட்டத்தைத் தூண்டியதை நான் காதாரக் கேட்டேன், இப்படிக்கு நடுவர்.

"கையெழுத்து உங்களதுதானே? சொல்லுங்க" என்று தாளை நடுவர் முன்னால் வைத்தார்.

அந்த மனிதரே கேட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதாட அவளிடம் எதுவும் இல்லை. டின் தட்டித் தட்டிக் காய்த்துப்போன விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நடுவர் அந்தத் தாளை முதல்முறை பார்ப்பவர் மாதிரி நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்து, அதைச் செயலாளர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து என்னுதுதான். ஆட்டம் முடிஞ்சதும் வெத்துத்தாள்ல வாங்கினீங்க" என்றார். குரல் தேவைக்கு மேல் பலமாக இருந்தது.

"அடுத்த மாச ஆட்டத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று எழுந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்காம ரெண்டு வருஷமாச்சு."