ஒரு சாண் தள்ளி

கணினியில் இருந்த விண்ணப்பத்தில் அந்த வசனத்தைக் கண்டதும் நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். ‘மங்கல் நட்சத்திரத்தை நேரே பார்க்கக் கூடாது, ஒரு சாண் தள்ளிப் பார்க்க வேண்டும்.’ ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. ஆனால் அது அவருடைய ஊரான ஆரையம்பதியில் பிறந்த வசனம்.

வாவியில் றால் பிடிக்கிறவர்கள் லைட் அடித்து அப்படித்தான் பார்ப்பார்கள். மகள் மேனுகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோணியில் வைத்து அவர்தான் அதை நட்சத்திரத்துக்குப் பொருத்தி அவளுக்குச் சொன்னார். வேறு யாருடைய கையிலும் இந்தச் சாண் வராது.

சிலி நாட்டுப் பாலைவனத்தில் நிற்கிற அந்தப் பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு கேட்டு உலகமே விண்ணப்பிக்கிறது. விண்ணப்பித்தவர்களே மற்றவர்களுடையதை வாசித்து வரிசைப்படுத்த வேண்டும். பெயர் இருக்காது. ஆளை அடையாளம் கண்டுவிட்டால் ‘தெரிந்தவர்’ என்ற பொத்தானை அழுத்தி ஒதுங்கிவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிற நல்லரத்தினமும் இம்முறை ஒரு சின்ன ஆய்வுக்கு விண்ணப்பித்திருந்தார். அதனால் ஐந்து விண்ணப்பங்கள் அவர் கைக்கு வந்திருந்தன. முப்பது வருடத்தில் எந்த மாணவனுக்கும் அரைப் புள்ளி கூட்டிப் போட்டறியாத மனுசன்.

மேனுகா ஜெர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஆகஸ்டோடு அவளுக்குப் புலமைப்பரிசில் முடிகிறது. இந்தத் தொலைநோக்கி கிடைத்தால் நீட்டுவார்கள், இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் அரைகுறையில் போகும். எந்த நட்சத்திரத்தைக் கேட்டிருக்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, “அப்பா, கேக்கப்படாது” என்று சிரித்துவிட்டாள்.

மனைவி அன்னப்பூரணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். “புள்ள கோல் எடுத்தாளா?”

“இல்ல.”

“எங்க எடுக்கிற? அவட கூட்டாளி, அந்தப் பெரு நாட்டுப் புள்ளைக்கு இங்கிலீசு ஓடாதாம். அதுக்கு எழுதிக் குடுக்கவே இவளுக்குப் பொழுது போகுதாம். தன்ட சோலியப் பாக்காம ஊருக்கு உழைக்கிறதில உங்கள அப்பிடியே உரிச்சு வெச்சிருக்காள்.”

“ம்.”

“இந்த ‘ம்’ முக்குறதும் அப்பிடியேதான்” என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஐந்தில் இரண்டு விண்ணப்பங்கள் ஒரே மாதிரியான கிழட்டு நட்சத்திரங்களைப் பற்றியவை. ஒன்று இந்தச் சாண். மற்றதை எழுதியது ஆணா பெண்ணா, எந்தத் தேசம் என்று ஒரு சொல்லிலும் தெரியவில்லை. கழுவித் துடைத்த கண்ணாடிக் கிளாஸ் மாதிரி இருந்தது. நியாயமாகப் பார்த்தால் ஐந்திலும் அதுதான் முதலாவது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

‘தெரிந்தவர்’ பொத்தானுக்கு மேல் சுட்டியை வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஆறும்வரை இருந்தார். பிறகு கையை எடுத்தார். சாணை முதலாவதாகப் போட்டார். திறமானதை ஐந்தாவதாகப் போட்டார்.

காரணம் எழுதாமல் கணினி விடவில்லை. இரண்டு முறை வாசித்துப் பிழை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரே ஒரு வசனம் எழுதி அனுப்பினார்: ‘எழுதியவருக்கு வானத்தின் மேல் ஆசை இல்லை.’

“என்ன, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?” என்றாள் அன்னப்பூரணி.

“ஒண்ணுமில்ல. கனக்க வாசிச்சது.”

இரண்டு மாதம் கழித்துத் தெரிவான விண்ணப்பங்களின் இலக்கங்களைப் போட்டிருந்தார்கள். சாணுடைய இலக்கம் அதில் இருந்தது. நல்லரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போய் மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார்.

“என்ன விசேசம்?”

“புள்ள எடுப்பாள். அவளே சொல்லட்டும்.”

நாலு மணிக்குப் போன் வந்தது. மேனுகாவின் குரல் அடைத்திருந்தது.

“அழுதயா மனே?” என்று சிரித்தபடியே கேட்டார்.

“கொஞ்சம். அப்பா, கூட்டாளிக்குக் கிடைச்சிற்று.”

“ஆருக்கு?”

“அந்தப் பெரு நாட்டுப் புள்ளைக்கு. நீங்க தோணியில சொன்ன சாண் கதையத்தான் நான் அவளுக்கு எழுதிக் குடுத்தன். அது நல்லா எடுபட்டிருக்கு.”

கையில் எடுத்த மஸ்கட்டை அவர் திரும்பத் தட்டில் வைத்தார். “அப்ப உன்டதுல?”

“என்டதுல போடல்ல. ஆள் தெரியப்படாதெண்டுதானே சட்டம். நான் உங்கட மகள்தானே.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்குக் கிடைக்கல்ல அப்பா. ஆகஸ்டில ஊருக்கு வந்திருவன்.”

குசினியிலிருந்து அன்னப்பூரணி கூப்பிட்டாள். “என்னவாம்? கிடைச்சிற்றாமா?”

நல்லரத்தினம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“ஆறு பேர் எனக்கு முதலாவது இடம் போட்டிருக்காங்க. ஒரு ஆள் மட்டும் அஞ்சாவது. அதிலதான் சராசரி இறங்கி நூலளவில விழுந்திற்று” என்றாள் மேனுகா. “அவர் எழுதினதத்தான் மறக்க ஏலாமக் கிடக்கு. வாசிக்கட்டா?”

அவள் அதைத் திறந்து வாசித்தாள்.

“‘எழுதியவருக்கு வானத்தின் மேல் ஆசை இல்லை.’”