நண்டுக்கறியும் நாளைய வாக்கெடுப்பும்

லிண்டா எம்.பி. நண்டுக்காலைக் கடித்து உடைத்ததும் ட்ருகனினா என்ற புறநகரில் இருந்த அந்த வீட்டு ஹோலில் நின்ற ஆண்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. அலோசியஸ் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றான்.

லிண்டாவை வரவழைத்தவனே அவன்தான்.

மரக்கறி பொதிசெய்யும் கம்பனியில் அந்த ஆண்கள் எல்லாருக்கும் வேலை. ஒரே முதலாளியோடு கட்டிவைத்த விசா. அவரை விட்டால் நாட்டையே விட வேண்டும். பாஸ்போர்ட்டுகளும் அவருடைய மேசை லாச்சிக்குள்தான். இதுவரை விக்டோரியா மாநிலத்தில் மட்டும் இருந்த இந்த விசாவை அந்த நாட்டின் வடக்கே திறக்கும் புதுப் பண்ணைகளுக்கும் கொடுக்கலாமா என்று நாளை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு.

ஒரு கட்சி வேலைவாய்ப்பு என்றது. மற்றக் கட்சி அடிமைத்தனம் என்றது. லிண்டா மதில்மேல் பூனை. அந்த ஒரு வாக்கில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

மன்னாரில் அலோசியஸின் தம்பி ஜனுஷன் வடக்குப் பண்ணைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். வராதே என்று சொன்னதற்கு, நீ மட்டும் நல்லாயிருக்க நினைக்கிறாய் என்று கோபித்துக்கொண்டான். வாக்கெடுப்பு தோற்றால்தான் அவன் தப்புவான்.

அதற்காகத்தான் மாதா கோயில் பூசைக்கு வந்த லிண்டாவைப் பிடித்து, ஒருமுறை எங்கள் வீட்டைக் கண்ணால் பாருங்கள் என்று அலோசியஸ் கெஞ்சினான்.

எல்லாவற்றையும் கெடுத்தது கம்பனி வானின் ரேடியோ. வேலைக்குப் போகும் வழியில், இந்தத் தொழிலாளர்கள் அடிமைகள் என்று யாரோ ஒரு எம்.பி. அதில் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்தவன் தமிழில் சொன்னான். வானுக்குள் இருந்த எல்லாருக்கும் அது அவமானமாய்ப் பட்டது.

வீட்டில் மூத்தவர் மகேந்திரராஜா அண்ணர். அவர் அன்றிரவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வாற மனுசி எங்களை அடிமையள் எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பிப் போகக் கூடாது."

அவ்வளவுதான். அறைகளை நிறைத்துக் கிடந்த மெத்தைகள் கராஜுக்குள் போயின. பூஞ்சணம் பிடித்த சுவரை மடு மாதா படம் மறைத்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபியிடம் கதிரைகள் இரவல் வந்தன. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் மன்னார்க்காரனுக்கு மானம் போய்விடுமே, குசினியில் நண்டும் கொதித்தது. அலோசியஸ் சொல்லிப் பார்த்ததெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

கராஜ் கதவு பக்கத்தில்தான் இருந்தது. திறந்து மெத்தைகளைக் காட்டினால் போதும்.

ஆனால் முதலாளிக்கு முன்னால் கைகட்டி நிற்கிற மகேந்திரராஜா அண்ணர், லிண்டா போதும் போதும் என்க, உரிமையோடு அதட்டிச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் திருவிழாச் சட்டையில் நின்றார்கள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு இன்றுதான் அவர்கள் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். இவர்களை நடுச்சபையில் எப்படி அவிழ்த்துக் காட்டுவது? அலோசியஸுக்கு அழுகை வந்தது.

சாப்பிடுகிறவருக்கு முன்னால் துக்கம் சொல்லக்கூடாது, கைகழுவட்டும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான்.

லிண்டா கைகழுவிவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. அடிமைகளின் வீட்டில் இப்படியொரு விருந்து கிடைக்காது என்றார். என் சந்தேகம் தீர்ந்துவிட்டது, நாளை ஆதரித்தே வாக்களிப்பேன் என்றார்.

அலோசியஸ் கராஜ் பக்கம் திரும்பினான். லிண்டா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நேரில் பார்க்கச் சொன்னதற்கு நன்றி சொன்னார். ஊரில் உனக்குச் சகோதரங்கள் இருக்கிறார்களா, வடக்குக்கு எடுக்கும் முதல் ஆட்களில் சேர்க்க நானே பேசுகிறேன் என்றார்.

அலோசியஸ் கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

"ஜனுஷன், மேடம்," என்றார் மகேந்திரராஜா அண்ணர் பெருமையாக. "இவன்ர தம்பி. தங்கமான பெடியன்."