நாக்கில் ஏறிய கப்பல்

வேலுச்சாமி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தண்டாயுதபாணியும் மறுகாலை ஞானவேலும் பிடித்திருக்க, பொன்னுவேல் முதுகில் குத்திக்கொண்டிருந்தார். யாராவது பார்த்தால் கொலை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நடந்துகொண்டிருந்தது என்னவோ நாயுடுபுரம் நாணயச் சங்கத்தின் மாதக் கூட்டம். நயா பைசா வந்த மூன்றாவது வருஷம் அது. மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் தண்டாயுதபாணியின் கம்பளிக் கடை மாடியில் நாலு பேரும் கூடுவார்கள். விளிம்பு நெளிந்த சிலோன் காசு, சதுரமான மலாயா சென்ட், நடுவில் ஓட்டை போட்ட ஆப்பிரிக்கக் காசு என்று கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

பள்ளங்கியில் பூண்டு போடுகிற வேலுச்சாமிக்குப் பூதக்கண்ணாடியெல்லாம் தேவையில்லை. காசை நாக்கில் வைத்தாரென்றால் வெள்ளி எத்தனை பங்கு, செம்பு எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார். சங்கத்தில் அந்த நாக்குக்குத் தனி மரியாதை.

அன்றைக்கு நாக்கில் ஏறியது தண்டாயுதபாணியின் கனடா பத்து சென்ட். நகம் அகலக் காசில் பாய் விரித்து ஓடுகிற கப்பல், அப்படி ஒரு அழகு! மிஷன் பள்ளிக்கூடத்து கனடா டீச்சரம்மாவிடம் ரெண்டு வருஷம் நடையாய் நடந்து, அவர் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பாவம், மனுஷன் அதை இன்னும் கண்குளிரப் பார்க்கக்கூட இல்லை.

வேலுச்சாமி கண்ணை மூடிச் சப்பிவிட்டு, எட்டு விரலை விரித்துக் காட்டினார். பத்துக்கு எட்டுப் பங்கு வெள்ளி!

"அட்றா சக்கை!" ஞானவேல் சந்தோஷத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கப்பல் உள்ளே போய்விட்டது.

"கக்குய்யா, கக்கு!" தண்டாயுதபாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, என்னால ஒரு உசுரு போகப்போகுதே!" தலைகீழாகப் பிடித்திருந்த காலை விட்டுவிட்டு ஞானவேல் தன் தலையில் அடித்துக்கொண்டார். வேலுச்சாமி பொத்தென்று விழுந்தார்.

விழுந்தவர் நிதானமாக எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "எதுக்கு இம்புட்டு ரகளை? பண்ணைக்காட்டு மலைப்பழம் ஆறு, வெளக்கெண்ணெ மூணு கரண்டி. நாளைக்கு வெள்ளனே வந்துரும். என்னைய வீட்டுக்கு விடுங்க, என் சோலிய நான் பாத்துக்கிருவேன்."

"காசு வெளிய வராம ஆளு வெளிய போகக் கூடாது!" தண்டாயுதபாணி கதவை மறித்தார். அவருக்கு அவர் பயம். போன மாதம் பொன்னுவேலின் மயில் போட்ட பர்மாக் காசு இதே அறையில் காணாமல் போய், பலகைத் தரையையே பெயர்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

பழம் வந்தது, எண்ணெய் வந்தது. ரெண்டையும் உள்ளே தள்ளிய வேலுச்சாமியின் வயிற்றில் தண்டாயுதபாணி காதை வைத்துக் கேட்டார். கப்பல் நகர்கிற சத்தம் ஒன்றும் வரவில்லை.

"நல்லதோ கெட்டதோ, வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லிருவோம்யா," என்றார் பொன்னுவேல்.

"அவ எதுக்கு? வேணாம், வேணாம்!" என்று வேலுச்சாமி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஞானவேல் ஜீப் பிடித்துப் பள்ளங்கிக்கு ஓடினார். பொம்பளை மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று, "சங்கத்துல உங்க வீட்டுக்காரருக்கு லேசா முடியல, வெரசா வாங்கம்மா," என்பதற்கு மேல் வழி நெடுகவும் அவர் வாயைத் திறக்கவில்லை.

சிவபாக்கியம் ஒரு துணிப்பையோடு மாடியேறி வந்தார். தண்டாயுதபாணி நாற்காலியை இழுத்துப் போட்டார். முகத்தில் தெளிக்கத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"பதறாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரு ஒரு காச முழுங்கிட்டாரு."

வேலுச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவபாக்கியம் பதறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பைக்குள் கையை விட்டு ஒரு சல்லடையை எடுத்தார்.

"இந்தத் தடவை எந்த நாட்டுக் காசுங்க?"