திருப்ப மறந்தவர்

"சட்டத்தைத் திருப்பாமலே பின்னியிருக்கீக, சார். அம்புட்டையும் பிரிங்க!"

உமையாள் டீச்சர் சொன்னதும் சோமு நூலை உருவினார். முப்பது வருஷம் பிள்ளைகளை 'மறுபடி எழுது' என்று விரட்டிய தலைமையாசிரியர் அவர். ஓய்வு பெற்றபின், செக்காலை ரோட்டு மாடியில் நடக்கும் லேஸ் வகுப்பில் பத்துப் பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார்.

பார்க்கச் சுலபமான வேலைதான். இரண்டு கம்பி நிறுத்திய சின்னச் சட்டம். கம்பிகளில் நூலைச் சுற்றி, நடுவில் கொக்கி ஊசியால் ஒரு முடிச்சு. உடனே சட்டத்தைத் திருப்ப வேண்டும். சோமு முடிச்சை ஒழுங்காகப் போடுவார், திருப்பத்தான் மறந்துவிடுவார்.

"இது எட்டாந் தடவை சார்," என்றாள் பக்கத்தில் இருந்த ஜனனி. "நாங்க தப்புப் பண்ணினா டீச்சர் சிரிச்சுட்டுப் போயிர்றாக. உங்களை மட்டும் வறுத்தெடுக்கிறாக. எதுக்கு இந்தப் பாடு?"

சோமு குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்ல மூணு மாசம் உக்காந்து இதே மாதிரி ஒரு விரிப்பு பின்னுனாக. நான் பழைய துணின்னு நெனச்சு ஸ்கூட்டரைத் துடைச்சுப்புட்டேன்."

"அய்யய்யோ!"

"மன்னிப்புக் கேட்டேன். 'ஒண்ணு பின்னிப் பாருங்க, அப்பத் தெரியும்'னு சொன்னாக. அதுதான் கடைசி. நாலு மாசமா வேளாவேளைக்குச் சோறு வருது, பேச்சுத்தான் வரலை. வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கும்மா. இதைப் பின்னிக் குடுத்தாலாவது வாயைத் தொறப்பாகளான்னு பாக்குறேன்."

"சார்! கதை பேசுனா எண்ணிக்கை விட்டுப்போகும்!" அந்தக் கோடியிலிருந்தே அதட்டினார் டீச்சர்.

ஆறு வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை சோமு விரிப்பை முடித்துவிட்டார். தாம்பாளத்தை மூடும் அளவு, வெள்ளை வெளேரென்று இருந்தது. டீச்சர் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"குறை ஒண்ணுமில்லை," என்றார் டீச்சர்.

ஜனனி கைதட்டினாள். "இன்னைக்கே கொண்டுபோய்க் குடுங்க சார். உங்க வீட்டு ஆச்சி பேசலைன்னா நானே வந்து கேக்குறேன்!"

சோமு விரிப்புக்காகக் கையை நீட்டினார். டீச்சர் தரவில்லை. அதை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். பதறிப்போய் சோமு பின்னால் ஓட, வகுப்பே அவர் பின்னால் ஓடியது.

கீழே தனக்காகக் காத்திருந்த ஆட்டோவைப் போகச் சொன்னார் டீச்சர். பக்கத்தில் சோமுவின் ஸ்கூட்டர் புழுதி படிந்து நின்றது. அந்த வெள்ளை விரிப்பாலேயே சீட்டை ஓரம் விடாமல் அழுத்தித் துடைத்தார். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? வண்டிய எடுங்க. நம்ம வீட்டுல பால் தீந்துபோச்சு, வாங்கிட்டுப் போகணும்."