புல்வெளியில் நடந்த பலகைகள்

அமெரிக்காவில் அவர்கள் வாழும் மாநிலத்தில் கவர்னரையும் மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்; பழைய கவர்னர் இம்முறை தேர்தலில் நிற்கவில்லை. காலியான அந்த நாற்காலிக்குப் போட்டியிட்ட இருவரில் ஒருவருக்கு மேகலாவின் ஓட்டு. மற்றவருக்கு அவள் கணவன் தியாகுவின் ஓட்டு. வாய்ச்சண்டை முற்றி, பத்தொன்பது நாளாக இருவருக்கும் பேச்சில்லை. வீட்டுமுன் புல்வெளியில் ஆளுக்கொரு கோடியில் தங்கள் வேட்பாளரின் பெயர்ப்பலகையை நட்டிருந்தார்கள். ஒரு விடியலில் மேகலா ஓசைப்படாமல் தன் பலகையைப் பிடுங்கி, ஓரடி உள்ளே தள்ளி நட்டாள். மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தால், பனிமூட்டத்துக்குள் அவன் பலகையும் ஓரடி உள்ளே வந்து நின்றது. அன்றிலிருந்து ஒரு நாள் இது, மறுநாள் அது என்று இரண்டும் தூக்கத்தில் நடப்பவைபோல நெருங்கிக்கொண்டே வந்தன. தேர்தலுக்கு முந்தைய காலையில் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். மேகலா வெளியே வந்தபோது தியாகு அங்கே நின்றிருந்தான். செருப்பெல்லாம் சேறு. பலகைகளில் இருந்த பெயர்கள் பனிமூட்டத்தில் கரைந்து, எது யாருடையது என்றே தெரியவில்லை.

"நாளைக்கு என் ஆளுதான் ஜெயிப்பாரு, பாரு."

"நல்லா கனவு காணுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் குனிந்து ஒரு பலகையைப் பற்றினான். மேகலா அவன் கைமேல் கைவைத்தாள்.

"இருங்க. இன்னிக்கு என் முறை."