தாய்மாமன் கதிரை

ஒரு கதிரை வெறுமையாக இருந்ததால் இருநூறு பேர் பசியோடு இருந்தார்கள்.

வாசலைப் பார்த்தபடி போட்டிருந்த கதிரை அது. சிவப்புத் துணி கட்டியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் அதில் வந்து அமர்ந்து முதல் வாய் வைக்கும்வரை, இத்தாலியின் பலெர்மோவில், கால்சாப் பகுதியிலுள்ள இந்தச் சீன உணவகத்தின் மேல்மாடியில் ஒருவரும் குச்சியைத் தொடக்கூடாதாம். மாப்பிள்ளை வெய்யின் ஊர் வழக்கம்.

தாய்மாமனுக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பது உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மணப்பெண் நிலக்ஷி என் சிநேகிதி. பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே நெரிசல் பஸ். பெண் பகுதிக்கென்று பத்துப் பேர் மேசை ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். அதில் நானும் நிலக்ஷியின் அம்மாவும் மட்டும் இருந்தோம். வராதவர்களின் முன்னாலும் மரியாதையாகச் சோயா சோஸ் வைத்திருந்தார்கள்.

மாமன் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நிலக்ஷி தொட்டிலில் கிடந்தபோதே அவளைத் தன் மகனுக்கென்று பேசி வைத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து கூறைச்சேலையும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குள் இவள் இங்கே ஸ்ரேசனடிச் செருப்புக்கடைக்காரரின் மகன் வெய்யைக் கண்டுவிட்டாள். செருப்பு மாற்றப் போன இடத்தில்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன். மேசைக்கு வந்தேன். திரும்பவும் போய்க் கழுவினேன்.

இரண்டாம் தடவை வெய் அங்கே என்னைப் பிடித்தான். பிறந்ததே பலெர்மோவில் என்பதால், பயந்தால்கூட இங்கத்தைய இத்தாலியனில்தான் பயப்படுவான்.

"அந்த மாமான்ரை மகன் வந்து குழப்புவானோ? பெரிய ஆளோ?"

"மெலிவான ஆள். அடிக்கமாட்டான்," என்றேன். "ஆனால் நல்லாய்ச் சாப்பிடுவான்."

அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

நான் மேசைக்குத் திரும்பியபோது நிலக்ஷியின் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். "அண்ணை எடுக்கிறாரில்லை."

சிவப்புப் பட்டோடும் தலையில் தங்கப் பூக்களோடும் நிலக்ஷி வந்து எங்கள் பக்கம் குனிந்தாள். "அம்மா, குசினிக்குள்ளை கோபாலசிங்கம் அண்ணை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறார். ஒரு கோட்டைப் போட்டு இருத்துவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவர் எங்கடை ஆக்கள் இல்லையடி."

சற்று முன்தான் சீன மருமகனின் நெற்றியில் திருநீறு பூசியவர். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

வெய்யின் அப்பா கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உறவினர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமன் வராத பெண் என்ற பெயர் விழுந்தால், அந்தச் செருப்புக்கடையில் நிலக்ஷி கிழவியான பிறகும் அது போகாது.

"சுஜன் போய் இருக்கட்டும்," என்றார் நிலக்ஷியின் அம்மா, என்னைப் பார்க்காமல்.

"நான் சாப்பிட வந்தனான், மாமி."

"அங்கை போய் இருந்தால்தான்டா சாப்பாடு வரும்," என்றாள் நிலக்ஷி.

நியாயம்தான். போய் அமர்ந்தேன்.

முதல் தட்டு என் முன்னால் இறங்கியது. வினாகிரியில் ஊறிய பச்சை நண்டு. எங்கள் வீட்டில் நண்டு இப்படி அடுப்பைக் காணாமல் மேசைக்கு வந்ததில்லை.

எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை வாய் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆகவே காத்திருந்தேன். இருநூறு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பண்பாகச் சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வெய் பாய்ந்து வந்து காதுக்குள் சொன்னான்: "தொடு! தொடாட்டி மாமன் பகுதிக்குச் சம்பந்தம் பிடிக்கேல்லை எண்டு அர்த்தம்!"

அதற்குள் அவனுடைய அப்பா எழுந்து வந்துவிட்டார். சீனத்தில் ஏதோ கேட்டார்.

"குறை ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார்," என்றான் வெய். "இந்தக் கதிரையிலை இருக்க நீ ஆர் எண்டும் கேக்கிறார்."

சிநேகிதன் என்றால் கதிரை திரும்பவும் வெறுமையாகிவிடும். மாமன் என்றால் நரை காணாத என் மீசை காட்டிக்கொடுத்துவிடும்.

"மாமான்ரை மகன்," என்றேன். "அப்பாவுக்குப் பதிலா வந்தனான்."

வெய் வாயைத் திறந்தான். மொழிபெயர்ப்பு வரவில்லை. நிலக்ஷி அவனுடைய முழங்கையைத் தொட்ட பிறகுதான் வந்தது.

அவனுடைய அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். மண்டபத்தைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். ஆட்கள் கைதட்டினார்கள்.

வெய் நண்டைப் பார்த்தபடி சொன்னான்: "எங்கடை முறையிலை மாமான்ரை பிள்ளையள் சகோதரம். தமையனே வந்து இருக்கிறான் எண்டு அப்பா சந்தோசப்படுறார். அப்பிடித்தானே எண்டு கேக்கிறார்."

எங்கள் முறையில் எப்படி என்று அவர் கேட்கவில்லை. நிலக்ஷியை எனக்கென்று பேசி வைத்த என் அப்பாவும் எனக்கு விருப்பமா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்.

நிலக்ஷி என்னைப் பார்த்தாள்.

"ஓம், அப்பிடித்தான்," என்றேன்.

குச்சி பிடிக்கத் தெரியாததால் கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மண்டபம் முழுவதும் ஒரேயடியாகச் சாப்பிடத் தொடங்கியது. எனக்கு அது தொண்டையில் நின்றது.

"தங்கச்சி," என்றேன் நிலக்ஷியிடம். "கொஞ்சம் தண்ணி தா."