அளந்த நிழல்

பல்கேரிய நாட்டார் வழக்காறுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த இளம்பரிதி, கருத்தரங்கில் ஒரு செய்முறை விளக்கம் காட்டினான். அந்த நாட்டுக் கொத்தனார்கள் வழியில் போகிறவரின் நிழலை நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரத்தில் புதைப்பார்களாம். நாற்பது நாளில் ஆள் காலி. கட்டடம் மட்டும் அசையாமல் நிற்கும். வெயிலில் நின்ற நெறியாளர் மங்கையர்க்கரசியின் நிழலை அவன் அளந்து காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். மங்கையர்க்கரசியும் சிரித்தார்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலில் வைத்த நூலைக் காணோம்.

"அதுவா தம்பி? மட்டம் பிடிக்க நான்தான் எடுத்தேன்," என்றார் துறையின் புதுக் கட்டடத்துக்கு மேஸ்திரியான சவரிமுத்து. "அஸ்திவாரக் குழியில விழுந்துடுச்சு. மேல காங்கிரீட்டும் போட்டாச்சு."

இளம்பரிதி மனதுக்குள் நாற்பது நாளை எண்ணிப் பார்த்தான். ஆய்வேட்டில் நெறியாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்திய மங்கையர்க்கரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. "யோவ், இதுக்குப் பரிகாரம் கிரிகாரம் ஏதாவது இருக்கா?"

"ஒரே ஒரு பாட்டுல வருது மேடம். வேற ஒருத்தர் நிழலை அளந்து பக்கத்துக் குழியில போட்டா, மொதல் ஆளை விட்டுடுமாம்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது.

"பக்கத்துக் குழிய எப்ப மூடுவீங்க?" என்று அவர் மேஸ்திரியிடம் கேட்டார்.

"இதோ, கலவை வந்துட்டே இருக்கும்மா."

மங்கையர்க்கரசி புடவைத் தலைப்பிலிருந்து நீளமாக ஓர் இழையை உருவினார். இத்தனை வருடத்தில் அவர் இளம்பரிதியிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

"கண்ணு, கொஞ்சம் வெயில்ல வந்து நில்லேன்."